தாய் வீட்டுக்குப் போன பதிவு

அலுவலக மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் மிஸ் என்று கேட்டிருக்கிறீர்கள். நேரில் வந்து பேசினால் கால் மணி நேரத்தில் எல்லோருடைய கண்ணும் மடியில் இருக்கும் கைபேசிக்குப் போய்விடுகிறது. எழுதிக் கொடுத்தாலாவது யாராவது ஒருவர் பண்டாரவளை பஸ்ஸில் இருந்துகொண்டு படிப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

தரவுத்தளம் எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. அந்த விஷயத்தில் நீங்கள் என்னை விற்று வாங்கிவிடுவீர்கள். நான் சொல்லப்போவது நான் போட்ட ஒரு பூட்டைப் பற்றி. அது மிக நல்ல பூட்டு. மூன்று ஆண்டுகள் ஒரு முறைகூடத் தவறு செய்யவில்லை. அதனால்தான் ஒரு பெண்ணின் உயிர் ஊசலாடியது.

தொண்ணூறுகளில் நான் இந்த அலுவலகத்தில் தட்டச்சுக்காரியாகச் சேர்ந்தபோது, சுற்றியிருந்த பத்துப் பன்னிரண்டு தேயிலைத் தோட்டங்களின் உடல்நலப் பதிவுகள் எல்லாம் அட்டைகளாக அலுமாரியில் இருந்தன. பிறகு கணினி வந்தது. அட்டைகள் ஒரு பெரிய அட்டவணையாக மாறின. ஒரு ஆளுக்கு ஒரு வரி. நீங்கள் நிரை என்பீர்கள், நாங்கள் பதிவு என்போம். யாருக்கு எப்போது என்ன நோய், என்ன ஊசி, எத்தனையாவது பிள்ளை, எல்லாம் அந்த ஒரு வரியில். ஒவ்வொரு தோட்டத்து டிஸ்பென்சரியிலும் ஒரு கணினி வைத்து, தொலைபேசிக் கம்பி வழியாக எங்கள் பதுளை அலுவலகத்தோடு இணைத்தோம். இணையும்போது அது போடும் கூச்சலைக் கேட்டு டிஸ்பென்சரிக்கு வந்த குழந்தைகள் ஊசியைப் பார்க்கும் முன்பே அழுதன.

ஆரம்பத்தில் எல்லோரும் எல்லாப் பதிவுகளையும் பார்க்கலாம். யார் பார்த்தால் என்ன, எல்லாம் நம் ஆட்கள்தானே என்று நினைத்தோம். அந்த நினைப்புக்கு ஒரு நாள் நல்ல அடி விழுந்தது. பசறைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி எங்கள் மாடிக்கு வந்து, என் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம் மவன் இருமுனது ஒங்க பொட்டிக்குத்தானே தெரியும்? அது எப்படிங்க பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சிச்சு?" என்று கேட்டார்.

அவருடைய மகனுக்கு எப்போதோ காசநோய் வந்து, மருந்து சாப்பிட்டு, முழுக்கக் குணமாகியிருந்தது. வேறொரு தோட்டத்தில் பெண் பார்த்தார்கள். அந்தத் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை செய்த ஒருவர், பெண்ணின் சித்தப்பா கேட்டார் என்பதற்காக மாப்பிள்ளையின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டார். கல்யாணம் நின்றுபோனது. அந்த அம்மா சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வராது என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விட்டார்.

எங்கள் நிறுவனத்தை நடத்தியவர் ஒரு பெண் டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தாமலே ஆளை நிமிர்ந்து உட்கார வைப்பார். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இனி ஆருக்கு எது தெரியவேணுமோ அதுமட்டுந்தான் தெரியவேணும். நீர் செய்யும்" என்றார்.

செய்தேன். புத்தகம் புத்தகமாகப் படித்து, கொழும்பிலிருந்த ஒருவருக்குத் தொலைபேசி எடுத்து எடுத்து அவரை அழவைத்து, பதிவுக்குப் பதிவு பூட்டுப் போட்டேன். விதி ஒரே வரிதான்: பதிவின் தோட்டமும் பார்ப்பவரின் தோட்டமும் ஒன்றாக இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் அப்படி ஒரு பதிவே இல்லாததுபோல் இரு. இதில் பின்பாதிதான் எனக்குப் பெருமை. "பூட்டியிருக்கிறது" என்று சொன்னால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று துப்பறிகிறவனுக்குத் தெரிந்துவிடும் அல்லவா? ஆகவே வாயே திறக்காது. "பதிவு எதுவும் இல்லை" என்று மட்டும் சொல்லும். கூடவே, வேறு தோட்டத்துப் பதிவைத் தொலைபேசியில் யாருக்கும் வாசித்துக் காட்டக்கூடாது என்று ஓர் ஒழுங்கு விதியையும் என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணமும் எங்களால் நிற்கவில்லை. நான் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

இடையில் ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. தலைப்பிள்ளை சுமக்கும் பெண்கள் நிறையப் பேரை தோட்டங்களில் பிரசவம் பார்க்கும் மிட்வைஃப்மார் ஏழாம் மாதத்தில்தான் புதிதாகப் பதிகிறார்கள். அதற்கு முன்னால் கிளினிக் வந்ததாகக் குறிப்பே இல்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எல்லாத் தோட்டங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினேன். "ஏழாம் மாதம் வரை கர்ப்பிணித் தாய்மாரைப் பதிவு செய்யாதிருப்பது பாரதூரமான கவனக்குறைவு" என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. அந்த வாக்கியத்தை மறந்துவிடாதீர்கள். நான் மறக்க முடியாதபடி பிறகு செய்துவிட்டார்கள்.

இனி அந்த நாள். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்று நாளாக விடாத மழை. டொக்டர் கொழும்பில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். நான் பத்து மணித் தேநீரில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது.

"மிஸ், ஒங்க பொட்டி பொய் சொல்லுது."

தவமணி. தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மிட்வைஃப். இருபத்தாறு இருபத்தேழு வயதுதான் இருக்கும். என் சுற்றறிக்கைக்கு, "கிடைத்தது, நன்றி" என்று இரண்டே சொல்லில் பதில் அனுப்பியிருந்தவள். அதனால் அவள் மேல் எனக்கு ஏற்கெனவே ஒரு கடுப்பு.

"பெட்டி பொய் சொல்லாது தவமணி. நாமதான் பிழையாத் தட்டுவோம்" என்றேன்.

"நாலு தரம் தட்டிட்டேன் மிஸ். தேடுனா பதிவு இல்லங்குது. சரி, இல்லாட்டிப் புதுசாப் போடுவோம்னு போனா, இந்த நம்பர் ஏற்கனவே இருக்குன்னு திருப்பி அடிக்குது. இல்லங்குறதும் அதுதான், இருக்குங்குறதும் அதுதான். ரெண்டுல எது நெசம்?"

கையிலிருந்த ரொட்டி தேநீருக்குள் விழுந்தது. என் பூட்டு பார்ப்பவர்களின் கண்ணைத்தான் மறைக்கிறது. ஆனால் ஒரே இலக்கத்தில் இரண்டு பதிவு வரக்கூடாது என்று பார்க்கும் காவலுக்குப் பூட்டு கிடையாது. அது எல்லாப் பதிவுகளையும் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும். அப்படியென்றால் அந்தப் பதிவு இருக்கிறது. நான்தான் மறைத்து வைத்திருக்கிறேன்.

"யாரு தவமணி? என்ன நடந்துச்சு?" என்று கேட்டேன். குரலில் இருந்த துரைத்தனம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அவள் சொன்னாள். பெண்ணின் பெயர் சந்திரகலா. கட்டிக்கொடுத்தது பசறைப் பக்கம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள். புகுந்த வீட்டில் ஏதோ வேலை இழுபட்டு, ஒன்பதாம் மாதத்தில்தான் அனுப்பியிருக்கிறார்கள். முதல் நாள் மழையில் தெப்பமாக நனைந்து வந்து சேர்ந்தாள். காலையில் வலி வந்துவிட்டது. கிளினிக் அட்டை பையோடு நனைந்து, டொக்டர் எழுதியதெல்லாம் நீல மையாகக் கரைந்துபோயிருக்கிறது. அச்சிட்ட இலக்கம் மட்டும் மிச்சம்.

"கிளினிக்ல என்ன சொன்னாங்கன்னு கேட்டா, அவளுக்குத் தெரியல மிஸ். டொக்டரு சிங்களத்துல பேசினாராம், இங்கிலீஸ்ல எழுதினாராம். எல்லாம் அட்டையில இருக்கு, பத்திரம்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டாங்க. அம்மாக்காரி, நான் ஆறு பெத்தேன், ஆறும் இந்த டிஸ்பென்சரி ரூம்புலதான், எங்கயும் கொண்டுபோக வேணாங்குது. எனக்கென்னமோ இந்தப் பொண்ணுக்கு மூச்சு வாங்குறது சரியாப் படல. ரோட்டுல மண்ணு சரிஞ்சி ஒரு பக்கந்தான் வண்டி போகுது. சும்மா வலிதான்னா இந்த ரோட்டுல லொறியில ஏத்திக் குலுக்கிட்டுப் போறது பாவம். வேற ஏதும் இருந்தா, இங்க வச்சிக்கிட்டிருக்கிறது பாவம். எது பாவம்னு அந்தப் பதிவுலதான் மிஸ் இருக்கு. டிஸ்பென்சரி ஐயாவும் லீவு."

பேசிக்கொண்டே, எல்லாப் பதிவையும் திறக்கும் என் கடவுச்சொல்லைப் போட்டு, அவளிடம் கேட்ட இலக்கத்தைத் தட்டினேன். பதிவு வந்தது. கிளினிக் டொக்டரின் குறிப்பு இரண்டு வரி. படித்தேன். இன்னொரு தரம் படித்தேன்.

அப்போது என் தலைக்குள் என்ன ஓடியது என்று உள்ளபடி சொல்கிறேன். வாசித்துவிடு என்றது ஒரு மனம். நீயே கையெழுத்துப் போட்ட ஒழுங்கு என்றது இன்னொன்று. தொலைபேசியில் பேசுகிறவள் தவமணிதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? குரலை வைத்துத்தான். இரண்டு முறை பேசிய குரல். மாப்பிள்ளையின் அம்மா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது ஞாபகம் வந்தது.

பக்கத்து மேசையில் நிமல் இருந்தார். கம்பி, இணைப்பு எல்லாம் பார்த்துக்கொள்ளும் சிங்கள நண்பர். பேச்சைக் கேட்டு எழுந்து வந்துவிட்டார்.

"அக்கா, பூட்டு கழட்டி வைங்க. அஞ்சு நிமிசம். அவங்க பார்த்த பொறகு போடலாம்" என்றார்.

நல்ல மனுஷன், நல்ல எண்ணம். என் விரலும் பாதி தட்டிவிட்டது. ஆனால் பூட்டைக் கழற்றினால் சந்திரகலாவின் பதிவு மட்டுமா திறக்கும்? எல்லாத் தோட்டத்து எல்லாப் பதிவும் எல்லோருக்கும் திறக்கும். போதாக்குறைக்கு அந்த டிஸ்பென்சரியில் ஒரே தொலைபேசிக் கம்பி. பேசினால் கணினி இணையாது, கணினி இணைந்தால் பேச முடியாது. மழையில் அது மறுபடி இணைய எவ்வளவு நேரமாகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதைவிட முக்கியமாக, எனக்கு என்னைத் தெரியும். பதற்றத்தில் கழற்றிய பூட்டைப் பதற்றம் தீர்ந்ததும் மாட்ட மறந்துவிடுகிற ரகம் நான். வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று ஹாலிஎல சந்திவரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறேன்.

"தவமணி, போன வைங்க. நான் எடுக்கிறேன்" என்றேன்.

"மிஸ்!"

வைத்துவிட்டேன். எங்கள் பதிவேட்டில் இருந்த அந்த டிஸ்பென்சரியின் இலக்கத்தைப் பார்த்து நானே சுழற்றினேன். அந்த இலக்கத்தில் எடுத்தால் அது தவமணிதான். முதல் மணியிலேயே எடுத்தாள். ஒரு மிட்வைஃப் வாயிலிருந்து வரக்கூடிய பேச்சுத்தான் வந்தது.

"இங்க ஒருத்தி வலியில துடிக்கிறா, நீங்க போன வச்சி வச்சி வெளையாடுறீங்களா?"

"திட்டுறத பிறகு திட்டுங்க. சந்திரகலாகிட்ட போனக் குடுங்க."

"வயரு எட்டாது மிஸ்."

"அப்ப கட்டிலத் தள்ளிட்டு வாங்க."

"அடியே, அந்தக் காலப் புடி" என்று அவள் யாருக்கோ சொல்வது கேட்டது. எண்ணெய் காணாத சக்கரங்கள் சிமெந்துத் தரையில் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தன. "எங்க இழுத்துக்கிட்டுப் போறீங்க எம் மவள?" என்று ஒரு தாய்க்குரல். நிமல் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

கடைசியில் மூச்சிரைக்கும் ஒரு குரல். "சொல்லுங்க மிஸ்."

"சந்திரகலா, நான் பதுளை ஆபீஸ்லருந்து பேசுறேன். ஒங்க அட்டையில இருந்த விசயம் எங்ககிட்ட பதிவா இருக்கு. அத தவமணி மிஸ்ஸுக்குச் சொல்லலாமா? நீங்க சொன்னாத்தான் சொல்லுவேன்."

அவள் கேட்டாள்: "அது என்னோடதுங்களா மிஸ்?"

"ஆமா. ஒங்களோடதுதான்."

"என்னோடதுன்னா எனக்கும் சேத்துச் சொல்லுங்க. எங்கிட்ட இன்னும் யாருமே சொல்லல."

அதற்கு முன்னாலும் பின்னாலும் என் வேலையைப் பற்றி யாரும் எனக்கு இவ்வளவு பெரிய விஷயத்தைச் சொன்னதில்லை. யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்று மூன்று ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். பதிவுக்குச் சொந்தக்காரி யார் என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. தோட்டத்தின் பெயரில் பதிந்தேன். தோட்டம்தான் சொந்தக்காரர் என்று எண்ணிக்கொண்டேன்.

முதலில் அவளுக்குத்தான் சொன்னேன், தமிழில், மெதுவாக. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலால் இதயத்தில் ஒரு வால்வு சரியாகத் திறப்பதில்லை. பயப்படத் தேவையில்லை, ஆனால் பிரசவம் பெரியாஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும். வலி வந்தவுடன் அனுப்ப வேண்டும். பிறகு தவமணியிடம் ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்து எழுத்தாக வாசித்தேன். அவள் திருப்பி வாசித்துக் காட்டினாள்.

"சரி மிஸ். ஏத்துறோம்" என்றாள்.

அவர்கள் தோட்டத்து லொறியில் மெத்தை போட்டுப் புறப்பட்டார்கள். நான் அந்த ஒரு பதிவை மட்டும் அச்சிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். நிமல் பின்னால் ஓடிவந்து, தாள் நனையாமல் இருக்க அவருடைய சாப்பாட்டுப் பையைக் கழற்றித் தந்தார். வார்டிலிருந்த சிஸ்டர் படித்துப் பார்த்தார். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லிவிட்டு அந்த நிமிடமே உள்ளே ஆட்களை விரட்டத் தொடங்கினார். லொறி வந்து சேர்ந்தபோது கட்டில், மருந்து, டொக்டர் எல்லாம் தயாராக இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். நான் தாளைக் கொடுத்துவிட்டு, கறிப்பொட்டலம் மணக்கும் பையோடு அலுவலகத்துக்குத் திரும்பிவிட்டேன். அன்று மாலையே பெண் குழந்தை. தாய்க்குக் கொஞ்சம் தடுமாற்றம். சில நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். தோட்டத்து ரூம்பிலேயே வைத்திருந்தால் இரண்டு பேரில் ஒருவர்கூட மிஞ்சியிருப்பது சந்தேகம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

டொக்டர் கொழும்பிலிருந்து வந்தார். நான் ஒழுங்கை மீறியதை நானே எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நீர் அந்த நேரம் செய்தது சரி. பூட்டைக் கழட்டாமல் விட்டது அதைவிடச் சரி. இப்ப எனக்கு ஒண்டு சொல்லும். உம்மட முதல் பிள்ளையை எங்கை பெத்தனீர்?"

இந்தக் கேள்வி எதற்கு என்று புரியாமல், "ஹாலிஎலயில, டொக்டர்" என்றேன்.

"அப்ப நீங்கள் பண்டாரவளையில அல்லோ இருந்தனீங்கள்?"

"ஆமா. தலைப்பிரசவந்தானே, அம்மா வீட்டுக்குப்..." என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நடுவில் நின்றுவிட்டேன்.

டொக்டர் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. நானும் சிரித்தேன், வெட்கத்தில் காது சூடாகச் சூடாகச் சிரித்தேன். எந்தத் தோட்டத்தில், எந்த ஊரில் தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பாமல் இருக்கிறார்கள்? ஏழாம் மாதம் வளையல் போட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள். நானே போனவள். போகிற வழியெல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டு போனவள். கணினிக்கு முன்னால் உட்கார்ந்ததும் அதை எப்படி மறந்தேன்? விதி எழுதும்போது, பெண் பதிந்த தோட்டத்திலேயே அசையாமல் இருப்பாள் என்று எழுதிவிட்டேன். மூன்று ஆண்டுகளாக ஏழாம் மாதத்தில் பெண்கள் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். மிட்வைஃப்மார் பெயரைத் தேடியிருக்கிறார்கள். என் பூட்டு "பதிவு எதுவும் இல்லை" என்றிருக்கிறது. அவர்கள் பாவம், அதை நம்பி புது அட்டை போட்டு, புது இலக்கத்தில் புது ஆளாகப் பதிந்திருக்கிறார்கள். ஒரே பெண் அட்டவணையில் இரண்டு பெண்ணாக, அரை வரலாறு இங்கே, அரை வரலாறு அங்கே. அதைப் பார்த்துத்தான் நான் அந்தச் சுற்றறிக்கையை அனுப்பியிருந்தேன்.

"பாரதூரமான கவனக்குறைவு" என்று டொக்டர் மெதுவாகச் சொன்னார். முழு வாக்கியமும் அவருக்கு மனப்பாடம்.

இரண்டாவது சுற்றறிக்கை எழுதினேன். "பாரதூரமான கவனக்குறைவு என்னுடையது" என்பதுதான் முதல் வரி. மன்னிப்புக் கேட்டு எழுதுவதில் ஒரு வசதி உண்டு, தம்பி தங்கைகளே. அதை எல்லோரும் கடைசிவரை படிக்கிறார்கள். தவமணியிடமிருந்து மறுபடி பதில் வந்தது: "கிடைத்தது, நன்றி." கீழே பேனாவால், "கட்டில் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டாச்சு" என்று எழுதியிருந்தாள். அதை இன்னமும் வைத்திருக்கிறேன்.

பிறகு பூட்டை மாற்றினோம். மிட்வைஃப்மாரை மாடிக்கு வரவழைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல மாற்றினோம். நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது அது. முதல் கிளினிக்கிலேயே, "பிரசவத்துக்கு எங்க போவீங்க?" என்று கேட்டு அந்தத் தோட்டத்தையும் பதிவில் சேர்த்தோம். அந்தக் காலம் முடியும்வரை இரண்டு டிஸ்பென்சரியும் பார்க்கலாம். பெயரைத் தட்டித் தேடினால் பழையபடி வாய் திறக்காது, கல்யாணம் விசாரிக்கிறவர்களுக்காக. ஆனால் அட்டை இலக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடினால், "இந்தப் பதிவு இருக்கிறது. உங்களுக்குத் திறக்கவில்லை. பதுளையைக் கூப்பிடுங்கள்" என்று சொல்லும், எங்கள் தொலைபேசி இலக்கத்தோடு. யார், எப்போது, எதற்காகப் பார்த்தார் என்று தனியாக எழுதிக்கொள்ளும். இவ்வளவுக்கும் மேலே ஒன்று: பதிவுக்குரியவர் வந்து கேட்டால், அவருக்கு விளங்கும் மொழியில் முழுவதையும் வாசித்துக்காட்ட வேண்டும். டொக்டர் அதைத்தான் முதலாம் ஒழுங்காகப் போடச் சொன்னார்.

இனி, ஆறேழு ஆண்டு கழித்து வந்த, வேலையில் என் கடைசி நாளுக்கு வருகிறேன். உங்களில் சிலர் அன்று இருந்தீர்கள். கேக்கில் பெரிய துண்டை யார் எடுத்தது என்றும் எனக்குத் தெரியும். கூட்டம் கலைந்ததும் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். போவதற்கு முன் ஒரே ஒரு பதிவைப் பார்க்க ஆசை. இலக்கம் மனப்பாடம். தட்டினேன்.

"இந்தப் பதிவு இருக்கிறது. உங்களுக்குத் திறக்கவில்லை. பதுளையைக் கூப்பிடுங்கள்."

கீழே இருந்த இலக்கம், என் கைக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசியின் இலக்கம். வேலையை விட்டுப் போகிறவரின் அனுமதியை அன்று மதியமே எடுத்துவிட வேண்டும் என்று எழுதி வைத்தவளும் நானேதான். எதிர் மேசையில், வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆன பெண். அவள் பெயரை எழுதினால் வெட்கப்படுவாள்.

"தங்கச்சி, ஒரே ஒரு பதிவு" என்றேன்.

அவள் முகம் சிவந்துவிட்டது. எழுந்து நின்றாள். "எதுக்குன்னு சொல்லுங்க மிஸ்."

"சும்மா. எப்படி இருக்காங்கன்னு பாக்க."

"சும்மான்னா முடியாதுங்க மிஸ்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். இந்தப் பூட்டைப் போட்டதே நான், எனக்கேவா என்று நாக்கு நுனிவரை வந்தது. அவளோ கண்ணில் நீர் முட்ட, ஆனாலும் விட்டுக்கொடுக்காமல் நின்றாள். அடுத்த நிமிடம் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மிச்சமிருந்த கேக்கை அவளுக்குத்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆசை மட்டும் போகவில்லை. தவமணிக்குத் தொலைபேசி எடுத்து, "சந்திரகலாவ ஒரு தடவ பாக்கணும், அவங்களுக்குச் சம்மதமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றேன். இரண்டு நாளில் பதில் வந்தது. தீபாவளிக்குத் தாய் வீட்டுக்கு வருகிறாளாம். "போன்ல சொல்லலாமான்னு கேட்ட மிஸ்ஸா? வரச் சொல்லுங்க" என்றாளாம்.

தெமோதரையில் இறங்கி, மலையேறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் அவர்கள் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். வாசலில் அவளுடைய அம்மா. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்கதானா எம் மவள கட்டிலோட இழுக்க வச்சது?" என்றார். "அந்த ரூம்புல நான் ஆறு பெத்தேன்."

"அம்மா, சும்மா இரு" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். அந்தக் குரலை எனக்குத் தெரியும். மூச்சு இரைக்காமல் கேட்பது அன்றுதான் முதல் தடவை. சந்திரகலா வெளியே வந்தாள். அவள் பின்னால், புதுச் சட்டையில், முன்பல் இல்லாத ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள்.

என்ன கேட்பது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. "ஒங்க ஒடம்பு இப்ப எப்படி இருக்குன்னு கேக்கலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "அன்னிக்கும் கேட்டுட்டுத்தான் சொன்னீங்க, இன்னிக்கும் கேட்டுட்டுத்தான் கேக்குறீங்க. ஒக்காருங்க மிஸ், எல்லாத்தையும் சொல்றேன்" என்றாள்.

சொன்னாள். கொழும்பில் வால்வைச் சரிசெய்தது, மாமியார் அதற்குப் பிறகு தண்ணீர்க் குடத்தைத் தொடவிடாதது, மகள் வகுப்பில் வாயாடுவது, புருஷன் தேநீர் போடப் பழகி அதை இன்னமும் கெடுப்பது என்று பொழுது சாயும்வரை சொன்னாள். அதில் பாதியைப் போட்டு வைக்க என் அட்டவணையில் இடமே இருந்ததில்லை.